பின்சில்லு

இன்னும் வலப்பக்கம் திரும்பவில்லை. றோட்டு வலப்பக்கம் வளைந்தால்தான் என் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் கட்டி இழுத்துவருகிற பிக்கப் தெரியும். நேரே போகிறபோது நாங்கள் வாடகைக்கு எடுத்த லொறியின் வெள்ளைச் சுவர் மட்டும்தான், இடப்பக்கம் வளைந்தால் அதுவும் இல்லை, வெட்டிய பாறையும் ஊசிமரமும் போய்க்கொண்டே இருக்கும். விடிய ஸ்காபரோவில் வெளிக்கிட்டதிலிருந்து நான் வளைவுகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். கையில் செபமாலை இருக்கிறது, விரல் மணியில் இருக்கிறது, வாய் அருள் நிறைந்த மரியே என்கிறது, கண் மட்டும் கண்ணாடியில். பரி சவுண்டில் கோப்பி குடித்துவிட்டு ஏறி அரை மணித்தியாலம் இருக்கும். சட்பெரி 128 என்று ஒரு பலகை போனது. சட்பெரிக்குப் பிறகும் மூவாயிரம் கிலோமீற்றர் இருக்கிறதாம் எட்மன்ரனுக்கு, மகன் நிக்சன் சொன்னான், சொல்லிவிட்டு அங்கே தான் கட்டிய வீட்டை நினைத்தோ என்னவோ விசிலடித்தான். அவனுடைய அப்பா செத்து எட்டு மாதம். விசிலடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் முப்பத்தேழு வயது ஆம்பிளை, லொறி ஓட்டிக்கொண்டிருக்கிறான், நான் பக்கத்தில் ஏற்றப்பட்டிருக்கிறேன், தையல் மெசின், குசினிச் சாமான், அந்தோனியார் சுரூபம், வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள் ஐந்து கிலோ, நான். பின்னால் பிக்கப். இதோ, வளைகிறது. தெரிகிறது. மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு வருகிறது, முன்சில்லு இரண்டும் டொலியின் மேல் பட்டியால் கட்டப்பட்டு, பின்சில்லு இரண்டும் றோட்டில் உருண்டுகொண்டு. உருளுகிறது. அதுதான். உருளக் கூடாதது உருளுகிறது. நேராகிவிட்டது, வெள்ளைச் சுவர்.

டொலி என்று நிக்சன் முதலில் சொன்னபோது எனக்குப் பொம்மைதான் ஞாபகம் வந்தது, மகள் றொசாந்திக்குக் குருநகர் பெருநாளில் வாங்கின கண்ணை மூடித் திறக்கிற பொம்மை. அம்மா, அது ரெண்டு சில்லு வைச்ச சின்ன வண்டில், முன்பக்கத்தை அதில ஏத்தினால் பின்பக்கம் தன்பாட்டில உருண்டு வரும் என்றான். தன்பாட்டில். முன்னுக்கு இழுக்கிற வாகனமென்றால் தன்பாட்டில் உருண்டு வரும், தம்பி, இது பின்னுக்குத் தள்ளுகிற வாகனம் என்று முந்தநாள் குசினிக்குள் நின்று சொன்னேன், தூள் வறுத்துக்கொண்டு நின்றேன், கண்ணால் தண்ணி ஓடியது, அவன் தும்மினான். "பின்சில்லுக்கு எஞ்சினிலயிருந்து ஒரு இரும்புத் தண்டு, சாஃப்ட், போகுது மோனை. அதைக் கழட்டாமல் இழுத்தால் கியர்பொக்ஸ் எரிஞ்சுபோம்." "கியரை நியூட்டலில விட்டாச் சரி அம்மா. வீடியோவில பாத்தனான்." "நியூட்டலில விட்டாலும் உள்ளுக்கை சுத்தும்." "உங்களுக்கு ஆர் சொன்னது?" "கொப்பர்." கொப்பர், உன் அப்பா, என்று சொன்னால் இப்போது எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுத் தாங்கள் நினைத்ததைச் செய்கிறார்கள். இன்று காலை அந்த வாடகை லொறிக் கந்தோரில் தாடி வைத்த பெடியன் கணினியைப் பார்த்துக்கொண்டு கேட்டான், பிக்கப் முன்சில்லு இழுவையா, பின்சில்லா என்று. அவ்வளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும். பின்சில்லென்றால் சாஃப்ட் கழட்டியாயிற்றா என்று அடுத்த கேள்வி வரும், கழட்டவில்லையென்றால் டொலி தரமாட்டான், பாவம் அவன் தன் வேலையைத்தான் செய்தான். நிக்சன் முகத்தில் ஒரு மயிரும் அசையாமல் "ஃப்ரண்ட்" என்றான். ஒரு சொல். நான் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கந்தோருக்குள் வேறு ஆட்களும் நின்றார்கள், பிள்ளையைப் பொய்யன் ஆக்கவா, மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் செய்தேன். வெளியே வந்து இன்னொருக்கால் சொன்னேன். அப்போதுதான் அவன் சொன்னான், கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டு, தோளில் கை வைத்து: "அம்மா, நீங்கள் செபம் சொல்லுங்கோ. வாகனத்தை நான் பாக்கிறன்."

நீங்கள் செபம் சொல்லுங்கோ. அழுகிற பிள்ளைக்குக் கையில் பிஸ்கட் கொடுக்கிற மாதிரி. ஐம்பது வருசமாக நான் முழங்காலில் நின்றதை எடுத்து என் வாய்க்குள்ளேயே வைத்து அடைத்தான். இது செபமாலை மாதம், இன்று வெள்ளிக்கிழமை, துக்க தேவ இரகசியம், முதலாவது இரகசியத்தில் ஆண்டவர் தோட்டத்தில் இரத்தம் வேர்க்க நிற்கிறார், சீடர்கள் நித்திரை. மணி நகருகிறது. அருள் நிறைந்த மரியே. பின்சில்லு எத்தனை தரம் சுற்றியிருக்கும் இவ்வளவு தூரத்துக்கும். ஒரு மணிக்கு எத்தனை சுற்று. முந்தி ஒருக்கால் என் மனிசன் கேட்டார், இஞ்சரும், நீர் கர்த்தரைத்தான் நினைக்கிறீரோ, இல்லை அடுப்பில வைச்ச சோத்தை நினைக்கிறீரோ, வாய் ஓடுற வேகத்தைப் பாத்தால் சோறு பொங்கி வழியுது போல. அவருக்கு அப்படித்தான் கதை. கிறகோரி டிறைவர் என்றால் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதியில் தெரியாத ஆள் இல்லை, கறுப்பு மொறிஸ் மைனர், பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்களைக் குழிக்குக் குழி பார்த்து இறக்குவார். இங்கே கனடாவுக்கு வந்து பத்து வருசம் மற்றவனுடைய வாகனம் ஓடிப் பிறகு இந்த நீலப் பிக்கப்பை வாங்கினார், அதுவும் பழசுதான், மாரியில் ஸ்னோ தள்ளவும் கோடையில் புல்லு வெட்டவும். வாங்கிக் கொண்டுவந்த அன்றைக்கு அடியில் படுத்து எழும்பி வந்து முதுகில் மண்ணோடு சிரித்தார், சாஃப்ட் இருக்குதப்பா, எங்கட மைனர் மாதிரி, முன்னுக்கு எஞ்சின், பின்னுக்கு உழைப்பு, குடும்பம் மாதிரி. யார் எஞ்சின், யார் உழைப்பு என்று நான் கேட்டேன். அந்தப் பிக்கப்பில்தான் எனக்கு ஓடப் பழக்கினார். ஐம்பத்துநாலு வயதில். மூன்று தரம் சோதனையில் பெயில் விட்டார்கள், மூன்றாந்தரம் சோதித்த பெண் சொன்னாள், அம்மா நீங்கள் ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்திச் சிலுவை அடையாளம் போடுகிறீர்கள், இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் இருக்க வேண்டும். நாலாந்தரம் மனதுக்குள் போட்டேன், பாஸ். அன்றைக்கு நான் அவரைப் பக்கத்தில் இருத்தி விக்ரோரியா பார்க் வீதி நீளத்துக்கும் ஓட்டிக்கொண்டு வந்தேன், அவர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நல்லா ஓடுறீர், நல்லா ஓடுறீர் என்றார், இறங்கின பிறகு பார்த்தால் கை வெளிறிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. அதுதான் விசயம், பெரிதாக வேறொன்றும் இல்லை. விடியப் பூசைக்குப் போக யாரையும் கேட்கவில்லை. கோயிலில் இருந்து ஒன்பது கிழங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க, அதில் ஒருத்தி மரியநாயகியை டயாலிசிசுக்கு ஏற்றி இறக்க, அவர் படுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓட, பிறகு சவக்காலைக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாகனத்துக்குள் இருந்து அழ, யாரையும் கேட்கவில்லை. எட்மன்ரனில் நிக்சனுடைய வீடு ஊரின் விளிம்பில் இருக்கிறது, போன வருசம் போய்ப் பார்த்தோம், கோயில் பதினொரு கிலோமீற்றர், பஸ் வராது. எனக்குப் பேஸ்மென்ற் அறை, நல்ல அறை, சும்மா சொல்லக் கூடாது, நிலத்தோடு ஒட்டி ஒரு சின்ன ஜன்னலும் இருக்கிறது, அதால் பார்த்தால் போகிறவர்களுடைய சப்பாத்துத் தெரியும். மருமகள் ஜெனிற்றா நல்ல பிள்ளை. "மாமி, நீங்கள் கேட்டால் நாங்கள் எங்கயெண்டாலும் கூட்டிக்கொண்டு போவம்" என்றாள். கேட்டால். நானும் ஓம் பிள்ளை என்றேன். இரவு படுத்தபிறகு அந்தச் சொல் மட்டும் அறைக்குள் நின்றது. கேட்டால். எங்கள் வீட்டில் சின்ன வயதில் கோழி தண்ணி கேட்காது, நாங்கள்தான் பார்த்து வைப்போம். பிக்கப் இருந்தால் கேட்கத் தேவையில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் கொடுத்தேன், அவருடைய உடுப்பை, கட்டிலை, மாதா படம் மாட்டின சுவரை, வீட்டையே, ஒன்றும் பேசவில்லை, பிக்கப் வரவேணும் என்று மட்டும் சொன்னேன். ஓடிக்கொண்டு வாறன் என்றேன். மூவாயிரத்து நானூறு கிலோமீற்றர் நீங்கள் ஓடப்போறியளோ என்று சிரித்தான், அது சரி, அதில் அவனைக் குறை சொல்லேலாது. ஆனால் பரி சவுண்டுக்கு முந்தி ஜெனிற்றா ரெலிபோன் எடுத்தாள், லொறி முழுக்கக் கேட்டது. "இஞ்சரப்பா, அந்தப் பழைய இரும்பையும் இழுத்துக்கொண்டோ வாறியள்? டிறைவேயில எங்க விடுறது?" "விடும் ஜெனி. அது வந்து சேருமோ தெரியாது." பிறகுதான் அவன் என்னைப் பார்த்தான், கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தான், "அம்மா பக்கத்தில இருக்கிறா" என்றான். அவள் உடனே, மாமி சாப்பிட்டியளோ என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வந்து சேருமோ தெரியாது. ஒரு பழைய வாகனத்தைப் பற்றிச் சொல்கிற சொல்தான். எவரும் சொல்வார்கள். அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், உள்ளே ஒன்றும் இல்லை, மூடி வைக்கிறேன், திரும்பவும் எடுக்கிறேன். அவன் அதைச் சொன்னபோது குரல் எப்படி இருந்தது. பயந்த குரலா. இல்லை. மழை வருமோ தெரியாது என்கிற குரலும் இல்லை. மழை வரட்டும் என்கிற மாதிரி. அடுத்த வளைவு. தெரிகிறது, புகை கிகை ஒன்றும் இல்லை, நீல மூஞ்சை, முன்கண்ணாடியில் ஒட்டின மடுமாதா படம், பின்சில்லு.

எனக்குச் சாஃப்ட் எப்படித் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் மைனருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயும் முடிந்துபோயிற்று. விட்டுவிட்டு வாருங்கோ என்றேன், அவர் கேட்கவில்லை, தெரிந்த ஒருவருடைய உழவு மெசினுக்குப் பின்னால் கயிற்றால் கட்டினார். ஐப்பசி மழை. பின்னேரம். ஒரு பக்கம் செல் விழுகிறது, சனம் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு போகிறது, மாடு, சைக்கிள், கிழவிகளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு, அதுக்குள் இந்த மனிசன் சேற்றில் மல்லாந்து காருக்கு அடியில் போனார். எனக்கு விசர் பிடித்தது. "இப்ப என்னத்துக்கு அதுக்குள்ளை?" "சாஃப்டைக் கழட்டவேணுமப்பா." "கழட்டாட்டில் என்ன?" அடியிலிருந்து சொன்னார், தண்ணி வாய்க்குள் போகத் துப்பித் துப்பிச் சொன்னார்: "எஞ்சின் ஓடேக்கை கியர்பொக்சுக்குள்ளை எண்ணெய் அடிச்சு ஏறும். எஞ்சின் நித்திரை, சில்லு மட்டும் உருளுது எண்டால், அது காஞ்சபடி சுத்திச் சுத்தித் தன்னைத்தானே தின்னும். வெளியில ஒண்டும் தெரியாது. போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் தெரியும், செத்த ஒண்டைக் கொண்டுவந்திருக்கிறம் எண்டு." பிறகு கை ஒன்று வெளியே வந்தது, உள்ளங்கையில் நாலு போல்ட்டு. "பிடியும். துலைச்சீரோ, பிறகு கார் இல்லை." சேலைத் தலைப்பில் நாலையும் வைத்து முடிந்தேன், முடிச்சை இடுப்பில் செருகினேன், றொசாந்தி கைப்பிள்ளை, நிக்சனுக்கு ஏழு வயது, பின்சீற்றில் துவாயால் போர்த்துப் படுத்திருந்தான், அந்தச் சத்தத்துக்குள்ளும் நல்ல நித்திரை. விடிகிறவரை நடந்தோம், நான் காரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன், ஒவ்வொரு அடிக்கும் அந்த முடிச்சு வயிற்றில் இடித்தது, நாலும் இருக்கா, நாலும் இருக்கா என்று தடவித் தடவிப் பார்த்தேன், அன்றைக்குச் செபமாலைக்கு மணி அதுதான். மீசாலையில் ஒரு பள்ளிக்கூட வளவில் அவர் திரும்பப் பூட்டினார். அந்தக் கார் பிறகு ஏழு வருசம் ஓடி எங்களுக்குச் சோறு போட்டது. இதை நான் நிக்சனுக்குச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவர்கள் அந்தக் கதைகளைக் கேட்டால் ரெலிபோனைப் பார்ப்பார்கள்.

சட்பெரி 97. ரெண்டாவது இரகசியம் எப்போது முடிந்தது. கசை அடிபட்டாரா, முள்முடியா, விட்ட இடம் தெரியவில்லை, ஆண்டவரே மன்னியும், திரும்பத் தொடங்குவோம். திரும்பத் தொடங்கவும் மனம் வரவில்லை. காலுக்குக் கீழே கைப்பை கிடக்கிறது. அதுக்குள் மடுக்கோயில் தீர்த்தப் போத்தல், குளிசைப் பெட்டி, அவருடைய கைலேஞ்சி. கைலேஞ்சிக்குள் அவருடைய ஸ்பனர். இதையும் சொல்லிவிட வேண்டும், யாருக்குச் சொல்கிறேன், உமக்குத்தான் ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர். முந்தநாள் பின்னேரம் அவன் லொறி பார்க்கப் போனபோது நான் டிறைவேயில் படங்கு விரித்துப் படுத்துப் பார்த்தேன். அறுபத்தேழு வயதில். முழங்கால் நோகத்தான் செய்தது. பின்பக்கத்தில் அதே மாதிரி நாலு போல்ட்டு, கறள் பிடித்து. ஸ்பனரை வைத்துப் பார்த்தேன், சரியாக ஏறியது, ஒன்றை அரைச் சுற்றுத் திருப்பியும் பார்த்தேன், அசைந்தது. நான் கழட்டியிருக்கலாம். நாலையும் கழட்டித் தேடாக்கயிற்றால் தண்டைத் தூக்கிக் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரித் தூள் வறுக்கப் போயிருக்கலாம். அரைச் சுற்றைத் திரும்ப இறுக்கிவிட்டு எழும்பினேன். ஏன் எழும்பினாய். அவன் செய்யட்டும் என்றுதான். என் வாயால் வந்த ஒரு சொல்லுக்கு, முப்பத்தேழு வருசத்தில் ஒருக்கால், அவன் குனியட்டும். ஸ்பனரைக் கொண்டுவந்தேன், கேட்டால் கொடுப்பம் என்று. கேட்டால். பார்த்தாயா, அதே சொல். அதற்குப் பிறகு என்ன நடந்தது, நான் செபம் சொல்லிக்கொண்டா வருகிறேன். கண்ணாடியில் எதைப் பார்க்கிறேன். பிக்கப் பத்திரமாக வருகிறதா என்றா. இல்லை. எப்போது புகை வரும் என்று. வந்தால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று. செபமாலையைப் பிடித்துக்கொண்டு என்னுடைய வாகனம் எரிய வேண்டுமென்று இருக்கிறேன். எரிந்தால் எனக்குத்தான் கோயில் இல்லை, எனக்குத்தான் கால் இல்லை, சப்பாத்துப் பார்த்துக்கொண்டு கிடக்கப் போகிறவள் நான்தான், ஆனாலும் எரியட்டும், நான் சொன்னது சரியாகட்டும். மென்மையான மனிசி என்று கோயிலில் சொல்வார்கள். திரேசம்மா அக்காவுக்குக் கோபமே வராது. கோபம் வராத ஆட்களுக்கு அது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. காய்ந்தபடி உள்ளே சுற்றுகிறது.

றோட்டு வேலை. மஞ்சள் உடுப்புப் போட்ட பிள்ளை ஒன்று நில் என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, முன்னால் பத்துப் பன்னிரண்டு வாகனம். நின்றோம். ஓடிக்கொண்டிருக்கிறவரைக்கும் பின்னால் விட்டுவிட்டு வந்ததெல்லாம் நின்றவுடன் வந்து பிடித்தது. மணம். கருகின மணம், இரும்பும் எண்ணெயும் ஏதோ இனிப்பும் கலந்து, பால் அடிப்பிடித்த மாதிரி. அவனும் மூக்கைச் சுளித்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, செபமாலை மணியைப் பார்த்தேன். "அம்மா, உங்கட தூள்தான்." "என்ன?" "பின்னுக்கு வைச்ச தூள் மணக்குது. திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கேக்கை லொறிக்காரன் கழுவினதுக்கும் காசு கேக்கப்போறான்." சிரித்தான். என் தூள் எனக்குத் தெரியாதா. மல்லி கருகினால் ஒரு மணம், மிளகாய் கருகினால் ஒரு மணம், நாப்பத்தைந்து வருசமாக வறுக்கிறேன், ஒருநாளும் கருகவிட்டதில்லை. ஆனாலும் ஒரு நிமிசம் நான் அதை நம்பினேன். பெருஞ்சீரகம் கொஞ்சம் கூடிவிட்டதோ, மூடி திறந்துவிட்டதோ என்று. அவன் சொன்னால் என் மூக்கே எனக்கு இல்லாமல் போகிறது. பிள்ளை பலகையைத் திருப்பியது, வெளிக்கிட்டோம், மணம் பின்னால் போய்விட்டது. ஏற்றம். லொறி முனகியது. பிறகு வளைவு, வலப்பக்கம், நீண்ட வளைவு, பிக்கப் முழுதாகத் தெரிந்தது, அதன் வயிற்றுக்குக் கீழே மெல்லிசாக ஒரு புகை, சாம்பிராணி கொஞ்சமாகப் போட்ட தூபம் மாதிரி, றோட்டோடு ஒட்டிக்கொண்டு. அப்போது எனக்குள் ஒன்று எழும்பியது. சந்தோசம். அதை வேறு பேர் சொல்லி மறைக்க மாட்டேன், சந்தோசம்தான், அவர் செத்த பிறகு முதன்முதலாக வந்த சந்தோசம், அது இதற்குத்தான் வந்தது. மறு நிமிசம் அவருடைய கை தெரிந்தது, கதவுப் பிடியில் வெளிறிப்போன கை, நல்லா ஓடுறீர், நல்லா ஓடுறீர். அம்மா மாதாவே, நான் என்ன செய்துவிட்டேன்.

"தம்பி, எங்கயெண்டாலும் ஓரமாய் நிப்பாட்டு." "ஏன், பாத்றூமோ?" "ஓம்." ஒரு தரிப்பிடம் வந்தது, நாலு மேசையும் ஒரு குப்பைத் தொட்டியும் தண்ணியில்லாத ஒரு கக்கூசும், ஆளில்லை. நிறுத்தமுதல் கதவைத் திறந்தேன், பாத்துப் பாத்து என்றான். நான் பாத்றூம் பக்கம் போகவில்லை, பின்னால் போனேன். குனிய இடுப்பு விடவில்லை, டொலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினேன். கியர்பொக்ஸ் வாலில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்த எண்ணெய் நல்லதாக இருந்தால் சிவப்பு, செவ்வரத்தம்பூச் சிவப்பு, அவர் ஊற்றுகிறபோது புனல் பிடித்திருக்கிறேன். இது கறுப்பு. விரலால் தொட்டேன், சுட்டது, மணந்து பார்த்தேன், பால் அடிப்பிடித்த மணம். அவன் வந்து எனக்குப் பின்னால் நின்றான். சப்பாத்துத்தான் தெரிந்தது. நான் கைப்பையைத் திறந்து கைலேஞ்சியை அவிழ்த்து ஸ்பனரை நீட்டினேன், நிமிர்ந்து பார்க்காமல். "இது எப்ப இருந்து உங்கட பைக்குள்ளை கிடக்குது?" "விடிய இருந்து." "விடிய இருந்தோ." "ஓம்." நான் சொன்னேன்தானே என்று ஒரு வசனம் விடியத் தொடக்கம் வாய்க்குள் வைத்திருந்தேன், சீனி மாதிரி வைத்திருந்தேன். இப்போது துப்ப நினைத்தால் வரவில்லை. அவன் ஸ்பனரை வாங்கினான். ஜக்கெற்றைக் கழற்றி மேசையில் எறிந்தான், லொறிக்குள் இருந்து ஒரு காட்போட் மட்டையை இழுத்துக் கிழித்துக் கீழே போட்டான், மல்லாந்து உள்ளே போனான். குனிந்துதான் போனான். என் சொல்லுக்குத்தான் போனான். பார்த்துக்கொண்டு நின்றேன், நான் நினைத்த மாதிரி ஒன்றும் இருக்கவில்லை, வயது போன ஒரு பிள்ளையின் இரண்டு கால், சப்பாத்துக்கு மேலே சொக்ஸில் ஓட்டை. இரும்பு கிறீச்சிட்டது. சூடு, சூடு என்று ஒருக்கால் சொன்னான். கவனம் மோனை என்றேன். காற்று மரத்துக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது, மழையில்லை, செல் இல்லை, ஒருவரும் எங்களைத் துரத்தவில்லை.

பிறகு அடியிலிருந்து கை வந்தது. அவன் அப்பாவின் கை மாதிரியே, கட்டைப் பெருவிரல், உள்ளங்கையில் நாலு போல்ட்டு. "பிடியுங்கோ. அண்டைக்கு மாதிரிச் சேலைத் தலைப்பில முடிஞ்சு வையுங்கோ, துலைச்சுப்போடாதேங்கோ."

நான் வாங்கினேன். சூடு கையைச் சுட்டது, இறுக்கிப் பிடித்தேன். நான் சேலையா கட்டியிருக்கிறேன், ஜீன்ஸ் மாதிரி ஒரு களிசானும் மழை ஜக்கெற்றும். அண்டைக்கு மாதிரி. துவாயால் போர்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்த ஏழு வயதுப் பிள்ளை. அந்தச் சத்தத்துக்குள்ளும் நல்ல நித்திரை என்று முப்பது வருசமாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் கேட்டிருக்கிறான். சுத்திச் சுத்தித் தன்னைத்தானே தின்னும். வெளியில ஒண்டும் தெரியாது. எல்லாம் கேட்டிருக்கிறான், முடிச்சை நான் செருகினதைக்கூடப் பார்த்திருக்கிறான். குசினிக்குள் தும்மிக்கொண்டு, உங்களுக்கு ஆர் சொன்னது என்று கேட்டபோது தெரியும். ஃப்ரண்ட் என்று சொன்னபோது தெரியும். தூள் மணக்குது என்று சிரித்தபோது தெரியும். அடியில் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. அவனும் தான் என்ன சொன்னான் என்று கண்டிருக்க வேண்டும். கால் இரண்டும் அசையாமல் கிடந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பானோ என்னவோ. கேட்க எனக்கு உரிமை இல்லை, நானும் விடிய இருந்து ஸ்பனரைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டுதானே வந்தேன். அவன் வெளியே வந்து முதுகைத் தட்டினான், என்னைப் பார்க்காமல் பின்சில்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இனிச் சரி அம்மா." சொட்டுச் சொட்டாகக் கறுப்பு விழுந்துகொண்டிருந்தது, அவனுடைய சேட்டிலும் ஒரு வட்டம். "ஓம் மோனை" என்றேன். தீர்த்தப் போத்தலைத் திறந்து கை கழுவ ஊற்றினேன், வேறு தண்ணி கிட்ட இருக்கவில்லை.

சட்பெரி 61. ஜெனிற்றா ரெலிபோன் எடுத்தாள், அவன் சத்தத்தைக் குறைக்காமலே கதைத்தான். "பிக்கப் என்னமாதிரி?" "வருது." வருகிறதுதான். வளைவு, தெரிகிறது, மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு, மடுமாதாவோடு, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரிப் பின்னால் வருகிறது, பின்சில்லு சும்மா உருளுகிறது, இனி உள்ளே ஒன்றையும் சுற்றாமல். இன்னும் மூவாயிரம் கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போவோம். போய் டிறைவேயில் இறக்குவோம். ஸ்ராட் பண்ணச் சொல்லி நான் கேட்கமாட்டேன், அவனும் பார்க்கமாட்டான், ஸ்னோ மூடும். செபமாலை மடியில் கிடக்கிறது, கை ஜக்கெற் பொக்கற்றுக்குள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆறிவிட்டன. ஒன்று, இரண்டு. அவன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "செபமோ அம்மா?"

"ஓம்" என்றேன். இன்றைக்கு நான் சொன்ன இன்னொரு பொய் அது. அவன் தலையாட்டினான், தெரிந்த ஆள் மாதிரி.